‘டர்ன் இட் ஆஃப்’ முன்னால் ‘கேன்’ வந்தால்: மோடல் வெர்பும் ஃப்ரேசல் வெர்பும் சேரும் விதம்

வகுப்பு வாசலில் நின்று “மே ஐ கம் இன், டீச்சர்?” என்று கேட்காமல் பள்ளிக்கூடம் முடித்தவர்கள் குறைவு. ஆங்கிலத்தின் இரண்டு பெரிய பாடங்கள் அந்தக் கேள்விக்குள் இருக்கின்றன. ‘மே’ மோடல் வெர்ப், அனுமதி கேட்கிறது. ‘கம் இன்’ ஃப்ரேசல் வெர்ப், உள்ளே வருவதைச் சொல்கிறது. மனப்பாடமாகச் சொல்லும்வரை யாருக்கும் தவறு வருவதில்லை. சிங்கப்பூர்க் கம்பெனிக்கு மெயில் எழுதும்போதும், யாங்கோன் ஹோட்டல் ஒன்றின் வரவேற்பில் வெளிநாட்டு விருந்தினருக்குப் பதில் சொல்லும்போதும் வாக்கியத்தைச் சொந்தமாக அமைக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் இடிப்பது அங்கேதான்.

அந்த இடிபாடு பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதித் தவறுகள் தாமே விலகும்.

மோடல் வெர்ப் மொத்தம் 9: கேன், குட், மே, மைட், ஷால், ஷுட், வில், வுட், மஸ்ட். முடியும், கூடும், வேண்டும், கூடாது போன்ற பொருள்களை வினைக்கு ஏற்றுவது இவற்றின் வேலை. இவை உருவம் மாறாதவை. ‘ஹி’ வந்தாலும் ‘ஷி’ வந்தாலும் பின்னால் ‘ஸ்’ ஒட்டாது. அடுத்து வரும் வினைக்கு முன்னால் ‘டு’ வராது. ஒரு மோடலை அடுத்து இன்னொரு மோடல் நிற்காது.

ஃப்ரேசல் வெர்ப் என்பது ஒரு சாதாரண வினையும் அதன் பின்னால் வரும் ஒரு சின்னச் சொல்லும் சேர்ந்தது. அந்தச் சின்னச் சொல்லை இங்கே பின்சொல் என்போம். ‘டர்ன்’ தனியாக நின்றால் திரும்பு. ‘டர்ன் ஆஃப்’ அணை, ‘டர்ன் அப்’ வந்து சேர், ‘டர்ன் டவுன்’ மறுத்துவிடு அல்லது சத்தத்தைக் குறை. பின்சொல் மாறினால் பொருளே மாறிவிடும். தமிழிலும் ‘எடுத்துக்கொள்’ வேறு, ‘எடுத்துவை’ வேறு, ‘எடுத்துவிடு’ வேறு. அதனால் இந்த எண்ணம் நமக்குப் புதிதில்லை.

வாலில் வைக்கும் மொழிகள், தலையில் வைக்கும் மொழி

தமிழில் ‘போ’ முதலில் வரும், முடியுமா வேண்டுமா என்பது கடைசியில் வரும்: போக முடியும், போக வேண்டும், போகக் கூடாது. பர்மிய மொழியும் அப்படியே. ‘த்வா’ என்றால் போ. ‘த்வா நைங் தெ’ போக முடியும், ‘த்வா யா மெ’ போக வேண்டும். இங்கே மியன்மாரில் உள்ள தமிழர்கள் வீட்டில் ஒன்றும் தெருவில் ஒன்றுமாகப் பேசும் இரண்டு மொழிகளுமே பாரத்தை வாலில் ஏற்றுகின்றன. ஆங்கிலம் அதைத் தலையில் ஏற்றுகிறது. ‘கேன்’ முதலில் வந்துவிடும். அதன் பிறகு வினையும் பின்சொல்லும் அகராதியில் இருக்கும் உருவத்திலேயே, எதுவும் ஒட்டாமல் வரும்.

வாலில் ஏதாவது சேர்த்துப் பழகிய நாக்கு அங்கே சும்மா இருப்பதில்லை. “ஹி கேன் டர்ன்ஸ் ஆஃப்” என்று ‘ஸ்’ ஒட்டுகிறது. “ஷி மஸ்ட் டு ஃபில் இன்” என்று ‘டு’ நுழைக்கிறது. முடியும் என்பதைத் தலையில் ஒரு தடவை சொல்லியும் திருப்தி இல்லாமல் “ஐ கேன் ஏபிள் டு பிக் அப்” என்று இன்னொரு தடவை சொல்கிறது. மூன்றும் ஒரே காரணத்தால் வரும் தவறுகள். சரியானவை: “ஹி கேன் டர்ன் இட் ஆஃப்”, “ஷி மஸ்ட் ஃபில் இட் இன்”, “ஐ கேன் பிக் இட் அப்”. கடைசி வாக்கியத்தை “ஐ அம் ஏபிள் டு பிக் இட் அப்” என்றும் சொல்லலாம். ‘கேன்’, ‘ஏபிள் டு’ இரண்டில் ஒன்று போதும்.

‘நாட்’ வந்தால் மோடலுக்குப் பின்னால்: “யு ஷுட் நாட் டர்ன் இட் ஆஃப்.” ‘ஆல்வேஸ்’ போன்ற சொல்லுக்கும் அதே இடம்தான்: “யு ஷுட் ஆல்வேஸ் டர்ன் இட் ஆஃப்.” கேள்வி கேட்கும்போது மோடல் மட்டும் ஆளைத் தாண்டி முன்னால் குதிக்கும், மற்றவை அசையா: “குட் யு டர்ன் இட் ஆஃப்?”

‘ஹேவ் டு’ பொருளில் ‘மஸ்ட்’டுக்குப் பக்கத்தில் இருந்தாலும் இலக்கணத்தில் மோடல் இல்லை. அது ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறும்: “ஹி ஹேஸ் டு செக் இன்”, “ஐ ஹேட் டு செக் அவுட்”. கேள்விக்கு ‘டு’ (do) என்ற துணைவினை முன்னால் வர வேண்டும்: “டு ஐ ஹேவ் டு செக் இன் நவ்?” மோடல்போல நினைத்து “ஹேவ் ஐ டு செக் இன்?” என்று கேட்டால் இன்றைய பேச்சில் பழமையாக ஒலிக்கும்.

‘இட்’ எங்கே உட்காரும்?

இந்தப் பாடத்தில் மிகுதியான நேரத்தை இதற்குக் கொடுக்கலாம். தவறு அதிகம் விழும் இடமும் இதுதான்.

கரண்ட் போன தெருவில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. “மீ லா பீ!” என்று யாரோ கத்துகிறார்கள். கரண்ட் வந்துவிட்டது, இனி ஜெனரேட்டரை அணைக்கலாம். ‘த ஜெனரேட்டர்’ என்று பெயரைச் சொன்னால் இரண்டு இடமும் சரி:

“யு கேன் டர்ன் ஆஃப் த ஜெனரேட்டர்.”
“யு கேன் டர்ன் த ஜெனரேட்டர் ஆஃப்.”

‘அதை’ என்று சுட்டினால் ஒரே இடம், நடு இடம்:

“யு கேன் டர்ன் இட் ஆஃப்.”

“யு கேன் டர்ன் ஆஃப் இட்” தவறு. ‘இட்’, ‘தெம்’, ‘ஹிம்’, ‘ஹர்’, ‘மி’, ‘யு’, ‘அஸ்’ எல்லாவற்றுக்கும் இதே விதி. “ஐ வில் கால் பேக் யு” என்று மெயிலில் எழுதுகிறவர்கள் இதை மீறுகிறார்கள். சரியானது “ஐ வில் கால் யு பேக்”.

தமிழ் நாக்கு இன்னும் இரண்டு பிழைகளைச் செய்யும். தமிழில் செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வரும் அல்லவா? அந்தப் பழக்கத்தில் “யு ஷுட் இட் டர்ன் ஆஃப்” என்று மோடலுக்கும் வினைக்கும் நடுவில் ‘இட்’ போய்விடும். அந்த இடைவெளி ‘நாட்’டுக்கும் ‘ஆல்வேஸ்’ போன்ற சொற்களுக்கும் உரியது, செயப்படுபொருளுக்கு அங்கே இடமில்லை. மற்றது, ‘இட்’டையே விழுங்கிவிடுவது. “அணைத்துவிடுங்கள்” என்றால் தமிழில் முழு வாக்கியம். பர்மிய மொழியிலும் எதை என்று சொல்லாமலே பேச்சு ஓடும். ஆங்கிலத்தில் “யு ஷுட் டர்ன் ஆஃப்” என்று நிறுத்தினால் கேட்பவர் “எதை?” என்று காத்திருப்பார். அவர் சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் இந்தச் சாலையிலிருந்து பிரிந்து போகச் சொல்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்வார், ஏனென்றால் செயப்படுபொருள் இல்லாத ‘டர்ன் ஆஃப்’புக்கு அந்த அர்த்தம் உண்டு.

எல்லா ஃப்ரேசல் வெர்பும் நடுவில் இடம் விடுவதில்லை. ‘லுக் ஆஃப்டர்’ பார்த்துக்கொள்: “ஷி கேன் லுக் ஆஃப்டர் தெம்.” இங்கே ‘தெம்’ கடைசியில்தான் வரும், “லுக் தெம் ஆஃப்டர்” கிடையாது. எதற்கு எது என்று மொத்தமாகச் சொல்லும் விதி இல்லை. கைக்கு உதவும் ஓர் அடையாளம் உண்டு. பின்சொல் ‘அப்’, ‘டவுன்’, ‘அவுட்’, ‘ஆஃப்’, ‘அவே’, ‘பேக்’ என்று இருந்து, வினைக்குச் செயப்படுபொருளும் இருந்தால் பெரும்பாலும் ‘இட்’ நடுவில். ‘ஆஃப்டர்’, ‘ஃபார்’, ‘இன்டு’, ‘வித்’ என்று இருந்தால் பின்னால். விலக்குகள் உண்டு. யாங்கோனின் நகரப் பஸ்ஸான ஒய்பிஎஸ்ஸில் போகிறவர்கள் தினமும் சொல்லும் ‘கெட் ஆஃப்’ அதில் ஒன்று. “யு ஹேவ் டு கெட் ஆஃப் த பஸ் அட் சூலே” என்பதில் ‘த பஸ்’ஸை நடுவில் தள்ள முடியாது.

சந்தேகம் வந்தால் ஆக்ஸ்ஃபர்ட், லாங்மன் போன்ற மாணவர் அகராதிகளைத் திறந்து பாருங்கள். ‘டர்ன் சம்திங் ஆஃப்’ என்று ‘சம்திங்’ நடுவில் அச்சாகியிருந்தால் பிரிக்கலாம். ‘லுக் ஆஃப்டர் சம்படி’ என்று கடைசியில் இருந்தால் பிரிக்கக் கூடாது. நோட்டுப் புத்தகத்தில் ஃப்ரேசல் வெர்ப் எழுதும்போதே இந்த ‘சம்திங்’கோடு எழுதிவைப்பது நல்லது. ‘டர்ன் ஆஃப் – அணை’ என்று வெறும் பொருளை எழுதி வைத்தால் பாதிச் செய்திதான் கையில் இருக்கும்.

மூன்று சொல் கொண்டவை பெரும்பாலும் பிரியாது: ‘புட் அப் வித்’ பொறுத்துக்கொள், ‘ரன் அவுட் ஆவ்’ தீர்ந்துபோ. “ஐ கான்ட் புட் அப் வித் இட்.” “வி மைட் ரன் அவுட் ஆவ் டீசல்.”

வேண்டாம் என்பதற்கு இரண்டு ஆங்கிலம்

‘கொடுக்க வேண்டாம்’ என்று தமிழில் சொன்னால் கொடுக்கக் கூடாது என்றும் இருக்கலாம், கொடுக்கத் தேவையில்லை என்றும் இருக்கலாம். குரலும் சூழ்நிலையும் காட்டிக்கொடுக்கும். ஆங்கிலத்தில் இரண்டும் வெவ்வேறு. “யு மஸன்ட் ஹேண்ட் இட் ஓவர்”: கொடுக்கவே கூடாது, தடை. “யு டோன்ட் ஹேவ் டு ஹேண்ட் இட் ஓவர்”: கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, விருப்பம். வேண்டாம் என்று மனத்தில் வந்ததும் ‘மஸ்ட் நாட்’ என்று மொழிபெயர்ப்பவர்கள் விருந்தினரிடம் தெரியாமலே கண்டிப்புக் காட்டிவிடுகிறார்கள். பர்மிய மொழியில் இந்தப் பிரிவு தெளிவாக இருக்கிறது. ‘ம த்வா யா பூ’ என்றால் போகக் கூடாது, ‘த்வா சயா ம லோ பூ’ என்றால் போகத் தேவையில்லை. வாயில் இரண்டு மொழியும் இருப்பவர்கள் தமிழ் ‘வேண்டாம்’ என்பதை அப்படியே பெயர்க்காமல், பர்மிய மொழியில் இதை எப்படிச் சொல்வேன் என்று ஒரு கணம் யோசித்தால் சரியான ஆங்கிலம் வந்துவிடும்.

‘மஸன்ட்’ என்று இங்கே எழுதியிருப்பது எழுத்துப் பிழையில்லை. நடுவிலுள்ள ‘ட்’ ஒலிக்காது.

‘அணைத்திருக்க வேண்டும்’: குற்றச்சாட்டா, ஊகமா?

நடந்து முடிந்ததைப் பற்றிப் பேசும்போது மோடலுக்குப் பின்னால் ‘ஹேவ்’ வரும், அதன் பிறகு வினையின் மூன்றாம் வடிவம், பிறகு பின்சொல். ‘ஹேவ்’ எப்போதும் ‘ஹேவ்’தான். ஆள் ‘ஹி’யாக இருந்தாலும் ‘ஹேஸ்’ ஆகாது. அமைப்பு அவ்வளவுதான். எந்த மோடலைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் உண்மையான கஷ்டம்.

‘அவர் ஜெனரேட்டரை அணைத்திருக்க வேண்டும்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டது, அதனால் அவர் அணைத்துவிட்டார் என்று ஊகிக்கிறோமா? இரவு முழுக்க ஓடி டீசல் வீணானது, அவர் அணைக்காமல் விட்டாரே என்று குறை சொல்கிறோமா? ஒரே தமிழ் வாக்கியம் இரண்டுக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில்:

“ஹி மஸ்ட் ஹேவ் டர்ன்ட் இட் ஆஃப்.” ஊகம். அணைத்துவிட்டார் என்று நம்புகிறோம்.
“ஹி ஷுட் ஹேவ் டர்ன்ட் இட் ஆஃப்.” குறை. அவர் அணைக்கவில்லை.

முதல் வாக்கியத்தில் வேலை நடந்திருக்கிறது, இரண்டாவதில் நடக்கவில்லை. மாற்றிச் சொன்னால் செய்தியே தலைகீழாகிவிடும். மேலாளருக்கு மெயிலில் “யு ஷுட் ஹேவ் சென்ட் இட் பேக்” என்று எழுதினால், ‘நீங்கள் திருப்பி அனுப்பியிருப்பீர்கள்’ என்று பணிவாக ஊகித்ததாக நாம் நினைப்போம். அவர் படிப்பது ‘திருப்பி அனுப்பாமல் விட்டது உங்கள் தவறு’ என்று. ஊகத்துக்கு ‘மஸ்ட் ஹேவ்’, உறுதி குறைவானால் ‘மே ஹேவ்’ அல்லது ‘மைட் ஹேவ்’. ‘அணைத்திருக்க முடியாது’ என்று நடக்கவில்லை என ஊகித்தால் “ஹி கான்ட் ஹேவ் டர்ன்ட் இட் ஆஃப்”. ஊகத்தில் ‘மஸ்ட்’டுக்கு எதிர்மறை பெரும்பாலும் ‘கான்ட்’.

‘லாம்’ விகுதிக்கும் இதே கவனம் வேண்டும். ‘நீங்கள் அணைக்கலாம்’ அனுமதி, ‘கேன்’. ‘நாம் அணைக்கலாமே’ யோசனை, ‘குட்’ அல்லது ‘ஷால் வி’. ‘கரண்ட் போய்விடலாம்’ வாய்ப்பு, ‘மே’ அல்லது ‘மைட்’: “த பவர் மைட் கோ ஆஃப்.” இந்தக் கடைசி இடத்தில் ‘கேன்’ போடுபவர்கள் நிறைய. இன்று மாலை என்று குறிப்பாக ஒரு வேளைக்கான வாய்ப்பைச் சொல்லும்போது ‘கேன்’ பொருந்தாது.

ஒன்று செய்யப்படுவதைச் சொல்லும் வடிவில் மோடலை அடுத்து ‘பி’, பிறகு மூன்றாம் வடிவம், பிறகு பின்சொல். பயா (பௌத்த பகோடா) படிக்கட்டுக்கும் கோயில் வாசலுக்கும் பொருந்தும் ஒரு வாக்கியம்: “ஷூஸ் மஸ்ட் பி டேக்கன் ஆஃப்.” படிவங்களில் வருவது: “திஸ் ஃபார்ம் மஸ்ட் பி ஃபில்ட் இன்.” பின்சொல்லை மட்டும் கடைசியில் விட்டுவிடக் கூடாது. “மஸ்ட் பி டேக்கன்” என்று நின்றால் செருப்பை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றாகிவிடும்.

வேலை இடத்தில்

மோடலை மாற்றினால் மரியாதையின் அளவு மாறும். “ஃபில் இட் இன்” கட்டளை. “யு மஸ்ட் ஃபில் இட் இன்” அதைவிட இறுக்கம். “கேன் யு ஃபில் இட் இன்?” நண்பர்களிடம். “குட் யு ஃபில் இட் இன், ப்ளீஸ்?” வாடிக்கையாளரிடம். “வுட் யு மைண்ட் ஃபில்லிங் இட் இன்?” இன்னும் மென்மை, ‘மைண்ட்’டுக்குப் பின்னால் ‘இங்’ வர வேண்டும். ‘மஸ்ட்’ எப்போதும் கடுமை என்றும் நினைக்க வேண்டியதில்லை. “யு மஸ்ட் கம் ஓவர் ஃபார் தீபாவளி!” என்றால் கட்டாயம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்ற அன்பான அழைப்பு. கேட்பவருக்கு நன்மை தருவதில் ‘மஸ்ட்’ இனிக்கும், நமக்கு வேலை ஆக வேண்டியதில் அதுவே கசக்கும்.

சில சேர்க்கைகளைப் பிரித்துப் பார்க்காமல் முழுசாகவே வைத்துக்கொள்வது நல்லது: “குட் யு ஹோல்ட் ஆன்?” (தொலைபேசியில் சற்று இருங்கள்), “ஐல் கெட் பேக் டு யு” (பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்), “ஷால் ஐ டிராப் யு ஆஃப்?” (கொண்டுபோய் விடட்டுமா?), “ஐ கான்ட் ஃபிகர் இட் அவுட்” (எனக்குப் பிடிபடவில்லை). மெயில் மிகவும் முறையான கடிதமாக இருந்தால் ‘புட் ஆஃப்’புக்குப் பதில் ‘போஸ்ட்போன்’ எழுதுவது வழக்கம். பேச்சில் ‘போஸ்ட்போன்’ தேவைப்படுவது அரிது.

காதில் விழும் விதம்

சரியாக எழுதுகிறவர்கள்கூடத் தொலைபேசியில் தடுமாறுவதற்குக் காரணம் அழுத்தம். தமிழில் எல்லாச் சொல்லையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்லலாம். இங்கே மோடலை மெலிதாக விட்டு, பின்சொல்லை அழுத்த வேண்டும். “ஐ கேன் பிக் இட் அப்” என்பதில் ‘கேன்’ ஏறக்குறைய ‘கன்’ என்று தேய்ந்துவிடும், ‘அப்’ தெளிவாக விழும். ‘பிக் இட் அப்’ தனித்தனியாக ஒலிக்காது, ‘பிக்கிட்டப்’ என்று ஒட்டும். மெய்யின்மேல் உயிர் ஏறுவது தமிழுக்குப் பழகிய புணர்ச்சிதான், அதை ஆங்கிலத்திலும் தயங்காமல் விடுங்கள்.

‘கேன்’, ‘கான்ட்’ குழப்பத்துக்கு இங்கே கூடுதல் காரணம் ஒன்று உண்டு. பர்மியச் சொற்களின் முடிவில் ‘ட்’, ‘ப்’ போன்ற மெய்கள் முழுதாக வெடித்து ஒலிப்பதில்லை. அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்கும் வந்து ‘கான்ட்’டின் ‘ட்’டைத் தின்றுவிடும், ‘அப்’பின் ‘ப்’பையும் தின்றுவிடும். முடியாது என்று நாம் சொன்னது முடியும் என்று போய்ச் சேரும். ‘ட்’டை மட்டும் நம்பாதீர்கள். முடியும் என்றால் ‘கன்’ என்று குறுக்குங்கள். முடியாது என்றால் ‘கான்ட்’ என்று நெடிலாக்கி அழுத்துங்கள். பணம், நேரம் பற்றிய பேச்சில் ‘கேனாட்’ என்று முழுதாகவே சொல்லிவிடலாம்.

கீழே உள்ள நான்கையும் விடையைக் கையால் மறைத்துக்கொண்டு ஆங்கிலமாக்கிப் பாருங்கள்.

கூட்டத்தைத் தள்ளிப்போட வேண்டிவரலாம், ‘அதை’ என்று சுட்டிச் சொல்லுங்கள். — “வி மே ஹேவ் டு புட் இட் ஆஃப்.” ‘மே மஸ்ட்’ என்று இரண்டு மோடல் சேர முடியாததால் ‘ஹேவ் டு’ உதவிக்கு வருகிறது.

பிள்ளைகளா? பாட்டி அவர்களைப் பார்த்துக்கொள்ள முடியும். — “கிராண்ட்மதர் கேன் லுக் ஆஃப்டர் தெம்.” பிரியாத வகை, ‘தெம்’ கடைசியில்.

அவரைப் பஸ்ஸில் காணோம், வழியில் இறங்கியிருக்க வேண்டும். — “ஹி மஸ்ட் ஹேவ் காட் ஆஃப்.” ஊகம் என்பதால் ‘ஷுட்’ வராது.

சாவியைத் திருப்பித் தர வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். — “யு டோன்ட் ஹேவ் டு கிவ் இட் பேக்.” இங்கே ‘மஸன்ட்’ போட்டால் சாவியைத் திருப்பித் தருவதே தடை என்று பொருள்படும்.